தூக்கம் வராதவர்கள் தாமதமாகப் படுக்க வேண்டும்

இரவு 8 மணிக்குப் படுத்தாயிற்று. 2 மணிக்கு முழிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் பொட்டுத் தூக்கம் இல்லை என்று மாத்திரை கேட்டுப் போகும் பெரியவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. 8-லிருந்து 2 வரை 6 மணி நேரம் ஆகிவிட்டது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 7 முதல் 8 மணி நேரத் தூக்கம் போதும், சிலருக்கு 5, 6 மணி நேரமே சரியாக இருக்கலாம் என்கிறது அமெரிக்க தேசியத் தூக்க அறக்கட்டளையின் 2015-ஆம் ஆண்டுப் பரிந்துரை. பலருக்குத் தூக்கம் குறைந்திருப்பதைவிடப் படுத்துக் கிடக்கும் நேரம் கூடியிருப்பதுதான் பிரச்சினை.

வயதானால் என்ன மாறுகிறது?

ஆழ்ந்த தூக்கம் குறைகிறது. சின்னச் சத்தத்துக்கும் முழிப்பு வருகிறது. உடலின் உள்கடிகாரம் முன்னே நகர்வதால் மாலையிலேயே கண் சொக்கி, விடியுமுன்பே தூக்கம் கலைந்துவிடுகிறது. இதெல்லாம் நோயல்ல. வாரத்துக்கு 3 இரவாவது தூக்கம் பிடிக்காமலோ இடையில் கலைந்தோ போவதும், அதனால் பகலில் அசதியும் எரிச்சலும் வருவதும் 3 மாதங்களுக்கு நீடித்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை.

பனியன் ஊரின் கூடுதல் சிக்கல்

திருப்பூர் மண்ணரை போன்ற பகுதிகளில் ஒன்றரை ஷிப்ட், 2 ஷிப்ட் என்று ஓடிய உடம்புகள் இவை. ஷிப்மெண்ட் நெருக்கினால் விடிய விடிய வேலை. எப்போது தூங்குவது என்பதைப் பல வருடம் கம்பெனிதான் முடிவு செய்தது. வேலையை விட்டபின் பொழுதுக்கு ஒரு வரம்பில்லாமல் போகிறது. லைன் வீடென்றால் இருப்பது ஒரே அறை. நைட் ஷிப்ட் முடித்து வந்த மகன் பகலில் தூங்குவதற்காகச் சன்னலைச் சாத்தினால், பெரியவரும் அந்த இருட்டிலேயே கிடந்து அவ்வப்போது கண்ணயர்கிறார். காலை வெளிச்சம் கண்ணில் படாமல் உள்கடிகாரம் தடுமாறுகிறது. பகலில் தூங்கிய கடன் இரவில் கழிக்கப்படுகிறது.

முதல் சிகிச்சை மாத்திரை அல்ல

நாள்பட்ட தூக்கமின்மைக்கு அறிதல்-நடத்தை சிகிச்சையைத்தான் முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. ஐரோப்பிய வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. இந்தச் சிகிச்சையின் முக்கியமான இரண்டு பகுதிகள் எளிமையானவை.

ஒன்று, 1972-இல் ரிச்சர்ட் பூட்சின் முன்வைத்தது. தூக்கம் வந்தால் மட்டும் படுக்க வேண்டும். சுமார் 20 நிமிடத்தில் தூக்கம் பிடிக்காவிட்டால் எழுந்துவிட வேண்டும். தனி அறை இல்லாத வீட்டில் பாயை விட்டு நகர்ந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாலே போதும். செல்போன் வேண்டாம், மணியும் பார்க்க வேண்டாம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும்.

இரண்டாவது, ஆர்தர் ஸ்பீல்மேன் 1987-இல் விளக்கிய படுக்கை நேரக் குறைப்பு. ஒருவர் 8 மணி முதல் காலை 6 மணி வரை 10 மணி நேரம் படுத்து, ஐந்தரை மணி நேரமே தூங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இரவு 11.30-க்குப் படுத்து 5 மணிக்கு எழ வேண்டும். முதல் ஒரு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். படுத்த நேரத்தில் 85 சதவீதம் தூங்க ஆரம்பித்ததும் வாரத்துக்கு 15 நிமிடமாகக் கூட்டிக்கொள்ளலாம். வலிப்பு, இருமுனை மனநோய் உள்ளவர்களும் அடிக்கடி கீழே விழுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

இவற்றோடு, காலையில் வாசலில் வெளிச்சத்தில் உட்கார்ந்து பிசிறு வெட்டலாம், கீரை ஆயலாம். காபி, டீயின் கஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணி பேக்கரி டீயை விட்டுவிட்டு, மதியத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. குவார்ட்டர் போட்டால் தூக்கம் வரும்தான். பின்னிரவில் அதுவே கலைத்தும் விடும்.

மருந்துக் கடை மாத்திரை

அல்பிரசோலம், டயசிபாம், சோல்பிடம் ஆகியவை 2014 முதல் எச்-1 அட்டவணையில் இருக்கின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றதைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். முதியவர்கள் இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்கிறது மருத்துவர்கள் பின்பற்றும் பியர்ஸ் பட்டியல். ராத்திரி ஒன்றுக்குப் போக எழும்போது தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பு முறியலாம். மறதியும் குழப்பமும் கூடலாம். அரிப்புக்கான அவில் மாத்திரையைத் தூக்கத்துக்குப் போடுவதும் ஆபத்தே. ஆனால் வருடக்கணக்கில் தூக்க மாத்திரை சாப்பிட்டவர்கள் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

வேறு நோயா என்று பாருங்கள்

சர்க்கரை, புரோஸ்டேட் வீக்கம், மாலையில் போடும் நீர் மாத்திரை ஆகியவை ராத்திரி பலமுறை எழுப்பிவிடும். பெருங்குறட்டையும் இடையில் மூச்சுத் திணறலும் இருந்தால் தூக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். அதிகாலை முழிப்போடு எதிலும் நாட்டமில்லாமல் போவது மனச்சோர்வின் அறிகுறி. 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவச ஆலோசனை கிடைக்கும்.

மருத்துவரிடம் போகுமுன் 2 வாரத்துக்கு, படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், எழுந்த நேரம், பகல் தூக்கம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இவ்வளவும் மேசைமேல் இருந்தால், தூக்க மாத்திரை எழுதுவதற்கு முன் மருத்துவருக்கு மாற்றிப் பார்க்க வேறு பல வழிகள் தெரியும்.