தீயிலும் அழியாத கோடு

நம் சங்கத்து அன்பர்களின் இல்லங்களில் அனல் மின் நிலையத்திலோ உருக்காலையிலோ உழைப்பவர் ஒருவரேனும் இருத்தல் கூடும். கொதிகலனிலிருந்து நீராவியைக் கொண்டுசெல்லும் உருக்குக் குழாய், 500 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் (எல்லாம் சென்டிகிரேட் கணக்கு) பெரும் அழுத்தத்தைத் தாங்கியவாறு, ஆண்டுக்கணக்கில் மிக மெதுவாக நீண்டுகொண்டே இருக்கும். அந்நீட்சி எல்லை கடந்தால் குழாய் வெடிக்கும். அருகில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. ஆகவே எவ்வளவு சூடு, எவ்வளவு நீட்சி என்னும் இரண்டையும் ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே அறிதல் அவசியமாகிறது. கம்பிவழி மின்சாரத்தைக் கொண்டு அளக்கும் கருவிகளைச் சுற்றிலுமுள்ள பெரிய மோட்டார்களின் மின்காந்த விளைவு குழப்பக்கூடும். கண்ணாடி இழைக்கு அத்தொல்லை இல்லை.

தொலைபேசிச் செய்திகளைச் சுமக்கும் இழையின் இனந்தான் இது. பருமன் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதன் நடுத்தண்டில் சம இடைவெளியில், சென்டிமீட்டருக்கு 18,000க்கு மேல் நுண்கோடுகளை இட்டால், உள்ளே செல்லும் ஒளியில் ஒரு குறிப்பிட்ட அலைநீளம் மட்டும் திரும்பி வரும். இழை நீண்டால் கோடுகளின் இடைவெளி விரிந்து அந்த அலைநீளமும் மாறும். சூடேறினாலும், பெரும்பாலும் கண்ணாடியின் ஒளிவிலகல் தன்மை மாறுவதால், அதே விளைவுதான். படிகங்கள் எக்ஸ் கதிரைத் திருப்பும் விதத்தை ஆராய்ந்து 1915ல் நோபல் பரிசு பெற்ற பிராக் என்னும் தந்தை, மகன் பெயரே இக்கோடுகளுக்கும் வழங்குகிறது.

இவை பிறந்த கதை சுவையானது. 1978ல் கானடாவின் ஒட்டாவா நகரில், செய்தித்தொடர்பு ஆராய்ச்சி நிலையத்தில், கென் ஹில் என்பவரும் அவர்தம் தோழர்களும் ஆர்கான் லேசர் ஒளியை ஓர் இழைக்குள் செலுத்தினர். நேரம் செல்லச் செல்ல, உட்சென்ற ஒளி மேலும் மேலும் திரும்பி வரலாயிற்று. ஒளியே தன் வழியில் ஒரு முகக்கண்ணாடியை வரைந்துகொண்டிருந்தது! 1989ல் அமெரிக்காவில் மெல்ட்ஸ் குழுவினர், புற ஊதா ஒளியைப் பக்கவாட்டிலிருந்து பாய்ச்சி, வேண்டிய இடைவெளியில் கோடிடும் முறையைக் கண்டனர்.

ஆனால் அக்கோடுகள் சில நூறு டிகிரிச் சூட்டிலேயே மங்கத் தொடங்கும். உலையை அளக்கச் சென்ற அளவுகோல் உலையிலேயே அழிந்தால் பயன் என்ன? விடை கிடைத்ததும் அதே ஒட்டாவா நிலையத்தில்தான். ஒரு விநாடியைப் பத்துக் கோடி கோடிக் கூறுகளாக்கினால் அவற்றுள் ஏறத்தாழ நூறு கூறுகளே நீடிக்கும் லேசர் துடிப்புகளைக் கொண்டு, 2003ல் மிஹைலாவ் குழுவினர் கோடிட்டனர். வலிய துடிப்பு பட்ட இடத்தில் கண்ணாடியின் கட்டமைப்பே மாறிவிடுகிறது. இவ்வகைக் கோடுகள் 1,000 டிகிரியிலும் நிலைத்தன. மறு ஆண்டே செயற்கை நீலக்கல் இழையில் கோடிட்டு 1,500 டிகிரி வரை சோதித்தனர். நீலக்கல் உருகுவதற்கு 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு டிகிரிச் சூடு, பத்து லட்சத்தில் ஏறத்தாழ எட்டுப் பங்கு நீட்சியைப் போலவே தோற்றங்காட்டும். சூடு எது, சுமை எது? தண்டவாளத்தோடு பழகும் என் போன்ற ரயில்வே ஊழியர்க்கு இக்கேள்வி புதிதன்று. ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் 40 டிகிரி சூடேறினால், தடையின்றி விட்டால் 46 சென்டிமீட்டர் நீளும். நீளவிடாது பிணைத்தால் அத்தனையும் உள்ளே அமுக்கமாகத் தங்கும். இழையில் இதற்கு எளிய வழி, இரண்டு இடங்களில் கோடிடுவதாம். ஒன்றைக் குழாயோடு இறுகப் பிணைத்து, மற்றொன்றை அருகிலேயே பிணைக்காமல் விடுவர். பிணைக்காதது சூட்டை மட்டும் சொல்லும். அதனைக் கழித்தால் நீட்சி தெரியும்.

கோடு அழியாவிடினும், கடுஞ்சூட்டில் நெடுநாள் கிடந்த கண்ணாடி இழை வலுக்குன்றி எளிதில் ஒடிந்துவிடுகிறது. மேற்பூச்சாலும் உலோக உறையாலும் அதனைக் காக்கும் வேலையே இத்துறையில் இன்னும் கடினமானது.