பட்டா இல்லாத கடலுக்கும் சட்டம் உண்டு

பழவேற்காட்டில் கோட்டைக்குப்பம் முதலான மீனவ ஊர்களுக்குத் தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் இருக்கிறது. 2018-இல் அது அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. 330 ஏக்கர் துறைமுகத்தை 6,111 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்தில், ஏறத்தாழ 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து எடுக்க வேண்டிய நிலம். இதற்கான கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22, பிறகு 2023 செப்டம்பர் 5 என அறிவிக்கப்பட்டு, மீனவர்களின் எதிர்ப்புக்கு நடுவே இரு முறையும் தள்ளிப்போனது. தள்ளிப்போனது வேறு, கைவிடப்பட்டது வேறு.

எதை இழப்போம்?

நம் கடற்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அலைத்தடுப்புச் சுவர் அதை மறித்தால் வடக்கே கரை அரிக்கும். பழவேற்காடு இருப்பது வடக்கே. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணல் திட்டு கரைந்தாலோ, முகத்துவாரம் தூர்ந்தாலோ, இறாலும் நண்டும் குறையும். தலைமுறைகளாக முறை வைத்து வலை விடும் பாடும் குலையும்.

இடம்பெயர்வும் இங்கே புதிதல்ல. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் தளம் வந்தபோது வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் பழவேற்காட்டுப் பக்கம் குடியேறின. கப்பல் கட்டும் தளத்துக்காக இடம் மாற்றப்பட்ட காட்டுப்பள்ளிக் குப்பத்தார், நிரந்தர வேலை கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார்கள்.

என்ன உரிமை?

* 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, கருத்துக் கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். கூட்டம் முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். பேசியவற்றின் தொகுப்பை முடிவில் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதி அனுப்பலாம்.
* "பட்டா இல்லை, இழப்பீடு இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டம், நீர்நிலையை நம்பி வாழும் மீனவர்களையும் படகுக்காரர்களையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்றே கணக்கில் கொள்கிறது. கையகப்படுத்தலுக்கு முந்தைய மூன்றாண்டு வாழ்வாதாரத்துக்குச் சான்று வேண்டும். ஆனால் தமிழ்நாட்டின் 1997 தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் வழியாக நிலம் எடுத்தால் சமூகத் தாக்க ஆய்வு கட்டாயமில்லை. எந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள்.

என்ன செய்யலாம்?

1. மீனவர் நலவாரிய அட்டை, படகுப் பதிவு, சங்க ரசீது, மீன் விற்ற சீட்டு எல்லாவற்றையும் இன்றே நகலெடுத்து வையுங்கள்.
2. கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, கையெழுத்திட்ட நகலை வாங்கி வையுங்கள்.
3. வரைபடங்களையும் அறிக்கைகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கான கெடு 30 நாள்.
4. கூட்டத்தில் முழக்கம் மட்டும் போதாது. எந்த இடத்தில், எந்தப் பருவத்தில், என்ன மீன் பிடிக்கிறீர்கள் என்று எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். பின்னாளில் வழக்கில் நிற்பது அந்தத் தாள்தான்.
5. சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டால், சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை கிடைக்கலாம். அதற்குப் பிறகு கதவு மூடிவிடும்.
6. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு.

அறிவிப்பு வந்த பிறகு 30 நாள் கண்ணிமைப்பதற்குள் ஓடிவிடும். தாள்களைச் சேர்க்க வேண்டிய காலம், கூட்டத்துக்குத் தேதி குறிப்பதற்கு முந்தைய காலமே.