போர் வந்தால் பங்குச்சந்தைக்கு 'பிரேக்' உண்டு... உங்கள் பணத்துக்கு?

2022 பிப்ரவரி 24. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த அன்று, மும்பையில் சென்செக்ஸ் 2,702 புள்ளிகள் சரிந்தது. கிட்டத்தட்ட 4.7 சதவிகிதம். மறுநாளே 1,328 புள்ளிகள் ஏறியது. பதறிப்போய் விற்றவர்களுக்குத்தான் நஷ்டம்!

இந்தப் பதற்றத்தைத் தணிக்கவே நம் சந்தையில் 'சர்க்யூட் பிரேக்கர்' இருக்கிறது. குறியீடு 10 அல்லது 15 சதவிகிதம் சரிந்தால் வர்த்தகம் சிறிது நேரம் நிற்கும். யோசிக்க அவகாசம் கிடைக்கும். 20 சதவிகிதம் சரிந்தால் அன்றைய வர்த்தகம் அவ்வளவுதான்.

மாஸ்கோவில் நிலைமை இன்னும் மோசம். பிப்ரவரி 28 முதல் மார்ச் 23 வரை அங்கே பங்கு வர்த்தகமே நடக்கவில்லை. அவசரத்துக்கு விற்க நினைத்தாலும் வழியில்லை.

அதனால், ஆறு மாத வீட்டுச் செலவு, பிள்ளைகளின் ஃபீஸ், மருத்துவச் செலவுக்கான பணத்தைப் பங்குகளில் போடாமல் வங்கியில் வையுங்கள் மக்களே!