மலைப்பாம்புக் குட்டி ஒரு வருஷத்துல எவ்வளவு வளரும்? வாங்கும் முன் இதைப் படிங்க!

"மச்சான், இது ஒரு வருஷத்துல எவ்ளோ நீளம் வளரும்?"

கோவிலம்பாக்கத்தில் வாடகை ஃபிளாட்டில் குடியிருக்கும் நண்பன், ஒரு வீடியோவை அனுப்பிவிட்டுக் கேட்ட கேள்வி இது. யாரோ ஒருவரின் உள்ளங்கையில் சுருண்டு கிடந்தது ஒரு மலைப்பாம்புக் குட்டி. விற்பனைக்காம். "நாய்னா தினமும் வாக்கிங் கூட்டிட்டுப் போகணும். இது பாட்டுக்கு ஓரமா கிடக்கும்டா" என்பது அவன் கணக்கு.

அவனுக்காகத் தேடிப் படித்ததில், அந்தக் கணக்கு எங்கெல்லாம் தப்பு என்பது புரிந்தது.

எந்தப் பாம்பு?

செல்லப்பிராணியாக அதிகம் வளர்க்கப்படுவது 'பால் பைத்தான்'. குடிக்கிற பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் வந்த பெயர். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காதான் இதன் சொந்த ஊர். முட்டையிலிருந்து வரும்போது ஓர் அடிக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும். முதல் மூன்று வருடங்கள், வருடத்துக்குச் சுமார் ஓர் அடி வளரும். ஆண் 3 முதல் 4 அடி, பெண் 4 முதல் 5 அடியில் பெரும்பாலும் நின்றுவிடும்.

பர்மிய மலைப்பாம்பு அப்படியல்ல. 2 அடிகூட இல்லாத குட்டி, நல்ல தீனி கிடைத்தால் ஒரே வருடத்தில் 6 அடியைத் தாண்டிவிடும். முழு வளர்ச்சியில் 15 அடிக்கும் மேல் போவதுண்டு. உள்ளங்கை வீடியோவைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய எல்லோராலும் முடியாது.

வயதைவிட வயிறுதான் முக்கியம்

பாம்பின் வளர்ச்சியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தீனியும் வெப்பமும்தான். குட்டிக்கு வாரம் ஒருமுறை, அதன் எடையில் 10 முதல் 15 சதவிகிதம் இருக்கும் எலி போதும். வளர்ந்த பிறகு இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை. சீக்கிரம் பெரிதாக வேண்டும் என்று திணித்தால் கொழுப்புதான் சேரும். சுருண்டு கிடப்பதை நீட்டி அளப்பதைவிட, மாதம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துவைப்பது நல்லது.

உயிருள்ள எலி பாம்பையே கடித்துக் காயப்படுத்தும் என்பதால், உறைய வைத்த எலியை வெந்நீரில் வைத்து, உறைநிலை போனதும் கொடுப்பார்கள். அதாவது, வீட்டில் இட்லி மாவு இருக்கும் அதே ஃப்ரிட்ஜில் எலியும் இருக்கும்!

பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 25 முதல் 27 டிகிரி இருக்க வேண்டும். வெப்பம் போதாவிட்டால் சாப்பிட்டது செரிக்காமல் கக்கிவிடும். ஆனால், சென்னை மே மாதத்தில் கவலை குளிரல்ல, வெயில்தான். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை அதற்கு அடுப்பாகிவிடும். ஒளிந்துகொள்ள இடம், தண்ணீர்க் கிண்ணம், ஈரப்பதம் எல்லாம் வேண்டும். கண் நீலம் பூத்தால் சட்டை உரிக்கப்போகிறது என்று அர்த்தம். அந்த நாள்களில் சாப்பிடாமல் இருப்பது இயல்பு.

ஊர்வன உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். 5 வயதுக்குக் கீழ் குழந்தைகள் இருக்கும் வீட்டில் தவிர்ப்பதே நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம்மூர் மலைப்பாம்பு, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. வீட்டில் வைத்திருந்தால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்களை 2024-ல் வந்த விதிகளின்படி 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்பவரிடம் ஆவணம் இல்லையென்றால், அது எப்படி வந்தது என்று யோசியுங்கள். 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்து, யாரும் உரிமை கோராத பெட்டிகளில் 45 பால் பைத்தான்கள் பிடிபட்டன.

வளர்ந்த பிறகு?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வளர்க்க முடியாமல் விடப்பட்டும், தப்பித்தும் போன பர்மிய மலைப்பாம்புகள் சதுப்பு நிலத்தில் பெருகி, அங்கிருந்த சின்ன விலங்குகளைத் தின்று தீர்த்தன. அவற்றைப் பிடிக்க 2017-ல் அழைக்கப்பட்டவர்கள், நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால். இரண்டு வாரங்களுக்குள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

கோவிலம்பாக்கத்திலிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் கூப்பிடு தூரம்தான். வளர்க்க முடியவில்லை என்றால் அங்கே கொண்டுபோய் விடாமல், வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் நண்பனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த அவன் அம்மா, "எத்தனை வருஷம்பா உயிரோட இருக்கும்?" என்றார். "நல்லா பார்த்துக்கிட்டா 20, 30 வருஷம்மா" என்றேன்.

"இவன் கல்யாணமாகி, இவன் பிள்ளை காலேஜ் போற வரைக்கும் அது இருக்கும். அடுத்த மாசம் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னா எங்கடா தூக்கிட்டுப் போவ?"

நண்பன் பதில் சொல்லவில்லை. விற்பவருக்கும் இன்னும் பதில் அனுப்பவில்லை.