தோசைக்கல்லில் உருகாத சைப்ரஸ் சீஸ்... ஆட்டுப்பாலா, மாட்டுப்பாலா?

சூடான கல்லில் சீஸைப் போட்டால் உருகி ஓடும். ஹலூமியைப் போட்டுப் பாருங்கள்... இருபுறமும் பொன்னிறமாகச் சிவந்து, பனீர் துண்டு மாதிரி அப்படியே நிற்கும். கடித்தால் பல்லில் 'கீச்' என்று சத்தம் வரும்!

இதன் சொந்த ஊர், மத்தியதரைக் கடலின் கிழக்கு மூலையில் இருக்கும் சைப்ரஸ் தீவு. கோடையில் அங்கே தர்பூசணியோடு ஹலூமி சாப்பிடுகிறார்கள். கொய்யாவில் உப்பு தூவிச் சாப்பிடும் நமக்கு அந்த ருசி புரியும்.

பாலை மிதமாகச் சூடாக்கி, ரென்னட் என்ற நொதியைச் சேர்த்து உறையவைப்பார்கள். அதை வெட்டி, அழுத்தி, கட்டியாக்குவார்கள். பிறகுதான் முக்கிய வேலை. வடிந்த அதே தண்ணீரில் கட்டிகளைப் போட்டு, 90 டிகிரிக்கு மேல் அரை மணி நேரமாவது வேகவைக்க வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை வெந்துவிட்டதும் இது கல்லில் உருகாததற்கு ஒரு காரணம். சூட்டோடு உப்பும் புதினாவும் சேர்த்து, இரண்டாக மடித்து உப்புநீரில் போடுவார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு வீட்டு ஆடுகளின் பால் இதற்குப் போதாது. அதனால் கிராமத்துப் பெண்கள் பாலைச் சேர்த்து, முறைவைத்து ஒவ்வொரு வீட்டுக்காகச் செய்தார்கள். கிட்டத்தட்ட நம் ஊர் சீட்டு மாதிரிதான்!

சிக்கல், ஹலூமி உலகப் புகழ் பெற்றபோது வந்தது. வெள்ளாடும் செம்மறியும் கொஞ்சமாக, அதுவும் பருவத்துக்குத்தான் பால் தரும். மாடு வருடம் முழுக்கத் தரும். ஏற்றுமதி ஏற ஏற, மாட்டுப்பால் ஹலூமிக்குள் தாராளமாக நுழைந்தது.

2021-ல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு நம் புவிசார் குறியீடு போன்ற பாதுகாப்பை வழங்கியது. சைப்ரஸில் செய்தால் மட்டுமே அந்தப் பெயர். 1974 முதல் பிரிந்து கிடக்கும் தீவில், கிரேக்கர்களின் 'ஹலூமி', துருக்கியர்களின் 'ஹெல்லிம்' இரண்டு பெயர்களுமே பதிவாகின. அரசியல் பேச்சுவார்த்தைகளால் முடியாததை ஒரு சீஸ் கொஞ்சம் செய்துவிட்டது.

ஆனால், மாட்டுப்பாலைவிட ஆட்டுப்பால் அதிகம் இருக்க வேண்டும் என்ற விதியில்தான் இழுபறி. ஆடு வளர்ப்பவர்கள் 'விதியை அமல்படுத்துங்கள்' என்கிறார்கள். மாட்டுப் பண்ணைக்காரர்களோ, 'எங்கள் பாலை எங்கே ஊற்றுவது?' என்கிறார்கள். கெடு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

சூப்பர் மார்க்கெட்டில் ஹலூமி கண்ணில் பட்டால், பாக்கெட்டின் பின்புறம் எந்தப் பால் என்று பாருங்கள். உப்பு தூக்கலாக இருக்கும். சிறிது நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் துடைத்து, எண்ணெய் ஊற்றாமலே கல்லில் போடலாம்.