வீரமாமுனிவர் நடத்திய ‘ட்ரெயினிங் சென்டர்’! ஏலாக்குறிச்சி சொல்லித்தரும் ஹெச்.ஆர். பாடம்

ஏப்ரல் நெருங்கினால் அலுவலகங்களில் ஒரு படபடப்பு தொற்றிக்கொள்ளும். அப்ரைசல் வருகிறது! யாருக்கு இன்க்ரிமென்ட், யாருக்கு புரமோஷன், யாருக்கு ‘இன்னும் முயற்சி தேவை’ என்ற ஒற்றை வரி... எல்லாம் அந்தச் சில வாரங்களில் முடிவாகும்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது, பயிற்சி கொடுப்பது, வேலையை எடைபோடுவது, உற்சாகம் குறையாமல் பார்த்துக்கொள்வது என்ற இந்த நான்கும் ஐ.டி. கம்பெனிகளோடு வந்த சங்கதிகள் என்று நினைத்தால், ஒருமுறை ஏலாக்குறிச்சிக்குப் போய் வர வேண்டும்.

அரியலூர் மாவட்டம், திருமானூர் ஒன்றியத்தில், கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிறது இந்த ஊர். அடைக்கல மாதா ஆலயத்துக்கு எல்லா மதத்தினரும் வந்து போகிறார்கள். வீரமாமுனிவர் இந்த ஊருக்கு வைத்த பெயர் திருக்காவலூர். ‘தேம்பாவணி’ பாடியவர், ‘சதுரகராதி’ தந்தவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே வீரமாமுனிவர். அவர் ஏலாக்குறிச்சியில் தன் ஊழியர்களுக்காக ஒரு பள்ளி நடத்தினார் என்பது பலருக்குத் தெரியாது.

சாமியார் சிலர், ஊர்கள் பல

இத்தாலியில் 1680-ல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, இயேசு சபைத் துறவியாகி 1710-ல் கோவாவில் வந்திறங்கினார். அடுத்த ஆண்டு மதுரை மிஷனுக்கு வந்தார். பெயர் ‘மதுரை மிஷன்’தான் என்றாலும், திருச்சி, தஞ்சை, அரியலூர், மறவர் சீமை வரை அது பரந்து கிடந்தது. ஆனால், அங்கே இருந்த ஐரோப்பியக் குருக்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான்.

பஸ் கிடையாது, பாலம் கிடையாது. ஒரு கிராமத்துக்குக் குரு ஒருமுறை வந்துபோனால், மறுபடி எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. அப்படியானால் அன்றாட வேலையை யார் பார்த்தது?

உபதேசியார்கள். ‘வேதியர்’ என்றும் இவர்களைச் சொல்வார்கள். எல்லோரும் உள்ளூர்த் தமிழர்கள். குழந்தைகளுக்குச் செபம் சொல்லித் தருவது, நோயாளிகளைப் பார்ப்பது, சாகும் தறுவாயில் இருக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, ஊர்ச் சண்டையைத் தீர்த்துவைப்பது, குரு வருவதற்கு முன் மக்களைத் தயார் செய்வது எல்லாமே இவர்கள் வேலை. இன்றைய பாஷையில் சொன்னால், ஹெட் ஆபீஸில் பத்துப் பேர். ஃபீல்டில் நிற்பவர்கள் முழுக்க இவர்கள்.

வேலையில் ஆபத்தும் இருந்தது. கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சை மராட்டிய அரசு. அங்கே 1701-ல் கிறிஸ்தவர்கள் கடும் துன்புறுத்தலைச் சந்தித்தார்கள். வடகரையில் அரியலூர் மழவராயர்களின் பாளையம். ஆற்றைக் கடந்து வந்தவர்களுக்கு ஏலாக்குறிச்சி புகலிடமானது.

போதாக்குறைக்குப் போட்டியும் வந்தது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரிகள் சில ஆண்டுகளில் அச்சுக்கூடமே வைத்துவிட்டார்கள். மதுரை மிஷன் குருக்கள் கையில் இருந்ததோ பனையோலையும் எழுத்தாணியும். எதிர்த்தரப்பு ஒரு கேள்வி கேட்டால், கிராமத்தில் அதற்குப் பதில் சொல்லவேண்டியவர் உபதேசியார்தான். அவர் தடுமாறினால் மிஷனே தடுமாறியது மாதிரி.

ஆளைப் பார்த்து எடுக்கணும்

வீரமாமுனிவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தவர். அந்தப் பொருட்பாலில் அடுத்தடுத்து வரும் இரண்டு அதிகாரங்கள் ‘தெரிந்துதெளிதல்’, ‘தெரிந்துவினையாடல்’. ஒருவரை நன்றாக ஆராய்ந்த பிறகே நம்பு, நம்பிவிட்டால் சந்தேகப்படாதே, யாருக்கு எந்த வேலை ஒத்துவருமோ அதைக் கொடுத்துவிட்டு அவர் பொறுப்பில் விடு என்பதுதான் இவற்றின் சாரம். ஆள் எடுப்பதைப் பற்றி இதைவிடச் சுருக்கமான பாடம் கிடைப்பது கஷ்டம்.

உபதேசியாருக்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். பேசத் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரில் நல்ல பெயர் இருக்க வேண்டும். குரு ஊரில் இல்லாத நாட்களில் அவரைத்தானே எல்லோரும் பார்ப்பார்கள்!

இதில் ஒரு கசப்பான பக்கமும் உண்டு. மதுரை மிஷன் அந்தக் காலத்துச் சாதிப் பிரிவுகளை ஒட்டியே நடந்தது. குருக்களிலேயே உயர்த்தப்பட்ட சாதியினரிடையே பணியாற்றியவர்கள் வேறு, ஒடுக்கப்பட்டவர்களிடையே பணியாற்றியவர்கள் வேறு. உபதேசியார்களும் அப்படியே பிரிக்கப்பட்டார்கள். திறமை இருந்தும் பிறப்பால் எல்லை போடப்பட்டவர்கள் அங்கேயும் இருந்தார்கள். ‘ஆளைப் பார்த்து எடுப்பது’ என்பதற்குள் எதையெல்லாம் பார்க்கிறோம் என்ற கேள்வி இன்றைக்கும் தீர்ந்துபோய்விடவில்லை.

முதலில் மனசு, அப்புறம் தொழில்

வீரமாமுனிவர் 1720-களின் பிற்பகுதியில் எழுதிய நூல் ‘வேதியர் ஒழுக்கம்’. உபதேசியார்களுக்காகவே எழுதப்பட்டது. தமிழ் உரைநடையின் வளர்ச்சியைப் பேசுகிறவர்கள் இந்த நூலைத் தவறாமல் குறிப்பிடுவார்கள். இன்று வேலையில் சேர்ந்ததும் கையில் கொடுக்கிறார்களே ஊழியர் கையேடு, அதுபோல் ஒன்று. ஆனால், லீவு எத்தனை, சட்டை என்ன கலர் என்று சொல்லும் கையேடு அல்ல.

இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் வகுத்த ஆன்மிகப் பயிற்சி முறை ஒன்று உண்டு. சில நாட்கள் ஒதுங்கியிருந்து, மௌனமாகத் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் தியானம் அது. குருக்களுக்குப் பழக்கமான அந்தப் பயிற்சியை, உள்ளூர் உபதேசியார்களுக்கும் அவர்களுடைய மொழியிலேயே கொண்டுவந்தார் வீரமாமுனிவர். ‘ஊருக்கு உபதேசம் செய்கிற நீ எப்படி நடந்துகொள்கிறாய்?’ என்ற கேள்வியிலிருந்துதான் பயிற்சி தொடங்கியது.

அடுத்த கட்டம் மொழி. 1730-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏலாக்குறிச்சிப் பள்ளியில் உபதேசியார்கள் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் படித்தார்கள். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்று ஐந்து இலக்கணத்தையும் சொல்லும் ‘தொன்னூல் விளக்கம்’ 1730-ல் பிறந்தது. 1732-ல் ‘சதுரகராதி’. பெயர், பொருள், தொகை, தொடை என்ற நான்கு பகுதிகளைக் கொண்டதால் அந்தப் பெயர். அதற்கு முன் சொல்லுக்குப் பொருள் வேண்டுமானால், செய்யுளாக இருந்த நிகண்டை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். அகர வரிசையில் தேடினால் கிடைக்கும் என்பது எவ்வளவு பெரிய வசதி!

கிராமத்தில் செபம் சொல்லித் தருபவருக்கு யாப்பும் அணியும் எதற்கு என்று தோன்றலாம். பாட்டும் புராணமும் கேட்டு வளர்ந்த ஊர் அது. நாலு பேர் கூடிய இடத்தில் பிழையில்லாமல், நயமாகப் பேசுகிறவருக்குத்தான் திண்ணையில் இடம் கிடைக்கும். வேலைக்கு வேண்டியதை மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பாமல், அந்த மனிதரையே ஒரு படி உயர்த்தி அனுப்பியது இந்தப் பள்ளி.

புதிதாக வரும் ஐரோப்பியக் குருக்களையும் அவர் விட்டுவிடவில்லை. அவர்கள் மக்களின் பேச்சைப் புரிந்துகொள்ள, லத்தீனில் கொடுந்தமிழ் இலக்கணம் எழுதினார். அதை 1730-களின் இறுதியில் அச்சிட்டது யார் தெரியுமா? தரங்கம்பாடி லுத்தரன் அச்சகம்! போட்டிக் கம்பெனியே வாங்கிப் பயன்படுத்துகிற அளவுக்குத் தரமான பயிற்சிப் புத்தகம்.

பட்டியலில் குரு இல்லையே!

பயிற்சி தப்பாகப் போனால் என்ன ஆகும்? அதற்கும் வீரமாமுனிவரிடமே கதை இருக்கிறது. தாத்தா, பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்களே, ‘பரமார்த்த குரு கதை’. பேச்சுத் தமிழ் படிக்கிறவர்களுக்காக எளிய நடையில் அவர் எழுதியது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள்.

குதிரையில் போகும்போது குருவின் தலைப்பாகை கீழே விழுந்துவிடும். சீடர்கள் எடுக்க மாட்டார்கள். ‘விழுந்ததையெல்லாம் எடுக்க வேண்டாமா?’ என்று குரு திட்டுவார். உடனே ஒரு சீடன், குதிரை போட்ட சாணத்தையும் பத்திரமாக எடுத்து வைப்பான்! வெறுத்துப்போன குரு, எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று ஓலையில் பட்டியல் எழுதிக் கொடுப்பார். கடைசியில் குருவே குழியில் விழுவார். சீடர்கள் ஓலையைப் பார்த்து வேட்டி, சட்டை எல்லாவற்றையும் எடுத்து வைப்பார்கள். குருவை மட்டும் தூக்க மாட்டார்கள். ‘பட்டியலில் நீங்கள் இல்லையே!’ அவர் தன் பெயரையும் எழுதிக் கொடுத்த பிறகுதான் கரையேற்றுவார்கள்.

சிரித்துவிட்டுப் போகிற கதை இல்லை இது. ‘சிஸ்டத்தில் இல்லை சார்’ என்று கவுன்ட்டரில் பதில் கேட்டுத் திரும்பியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். அந்த ஊழியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஏன் செய்கிறோம் என்று சொல்லாமல், எதைச் செய்ய வேண்டும் என்ற பட்டியலை மட்டும் கையில் கொடுத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

மதிப்பெண் எங்கே கிடைக்கும்?

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு கிர்க்பேட்ரிக் 1959-ல், பயிற்சியை எடைபோட நான்கு படிகள் சொன்னார். பயிற்சி பிடித்திருந்ததா? ஏதாவது கற்றுக்கொண்டாரா? வேலைக்குத் திரும்பிய பிறகு நடத்தை மாறியதா? கடைசியில் பலன் கிடைத்ததா? இன்றைக்குப் பல நிறுவனங்கள் முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன. சாப்பாடு நன்றாக இருந்தது, டிரெய்னர் ஜோக் அடித்தார், ஐந்து ஸ்டார்!

உபதேசியாரின் வேலைக்கு மதிப்பெண் ஊரில்தான் இருந்தது. குரு வந்து, ஞானஸ்நானம் கேட்பவர்களைக் கேள்வி கேட்பார். செபம் தெரிகிறதா, அர்த்தம் புரிகிறதா? அவர்கள் பதில் சொன்னால் உபதேசியார் தேறினார். சக உபதேசியாரோடு ஒப்பிட்டு ‘நீ கடைசி’ என்று முத்திரை குத்தும் வேலை இதில் இல்லை. ஊழியர்களை வரிசைப்படுத்தி, இத்தனை சதவிகிதம் பேர் கீழ்த்தட்டில் இருந்தே ஆக வேண்டும் என்று வைத்திருந்த முறையை மைக்ரோசாஃப்ட் 2013-ல் கைவிட்டது. சேர்ந்து வேலை செய்ய வேண்டியவர்களையே அது எதிரிகளாக்கியது என்பதுதான் அதன் மீதிருந்த பெரிய புகார்.

சம்பளமும் வேணும், மரியாதையும் வேணும்

உபதேசியார்களுக்குச் சம்பளம் சொற்பம். அதற்கே பணம் தேட வேண்டியிருந்தது. ‘ஓர் உபதேசியாரைப் பராமரிக்கும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று கேட்டு, தமிழகத்தில் இருந்த இயேசு சபையினர் ஐரோப்பாவுக்குக் கடிதங்கள் எழுதியிருக்கிறார்கள். கையில் காசு வந்தால் இன்னும் ஓர் உபதேசியாரை வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அவர்கள் கணக்கு.

அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-ல், சுமார் 200 பொறியாளர்கள், கணக்காளர்களிடம் பேசி எழுதிய ஆய்வு இன்றும் நிர்வாகவியல் வகுப்புகளில் பாடமாக இருக்கிறது. சம்பளமும் வசதியும் குறைந்தால் மனம் கசக்கும். ஆனால், அவை சரியாக இருப்பதால் மட்டும் உற்சாகம் வந்துவிடாது. அதற்குச் சாதித்த திருப்தி, பாராட்டு, பொறுப்பு, வளர்ச்சி எல்லாம் வேண்டும் என்றார் அவர்.

‘வேதியர்’ என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். வேதம் அறிந்தவர் என்று பொருள். அந்தக் காலத்துச் சமூகத்தில் அந்தச் சொல்லுக்கு இருந்த மதிப்பு சாதாரணமானதல்ல. அந்தப் பெயரையும், அதற்குத் தகுந்த படிப்பையும், ஒரு ஊரின் முழுப் பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

ஆனால், இதைப் படித்துவிட்டு ‘சம்பளம் எதற்கு, மரியாதை போதுமே’ என்று எந்த முதலாளியும் சந்தோஷப்பட வேண்டாம். சேவை மனப்பான்மையைச் சொல்லிச் சொல்லியே குறைந்த கூலிக்கு வேலை வாங்குவது நம் ஊரில் இன்றும் நடக்கிறது. தனியார் பள்ளி ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும். மரியாதை என்பது சம்பளத்தோடு சேர்ந்து வரவேண்டியது. சம்பளத்துக்குப் பதிலாக வரக்கூடியது அல்ல.

இன்றைக்கு நமக்கு...

ஜவுளிக்கடை, மெடிக்கல் ஷாப், ஹோட்டல், பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறை என எதை நடத்தினாலும், ஏலாக்குறிச்சியிலிருந்து எடுத்துக்கொள்ள இவை இருக்கின்றன:

* உங்கள் பெயரைக் காப்பாற்றுவது வாடிக்கையாளர் முன் நிற்கும் ஊழியர். பயிற்சிச் செலவில் முதல் பங்கு அவருக்கு.
* வேலையைச் சொல்லும்போதே காரணத்தையும் சொல்லுங்கள். பட்டியலில் இல்லாதது நடக்கும் நாளில் அதுதான் கை கொடுக்கும்.
* இந்த வேலையைத் தாண்டியும் அவருக்குப் பயன்படும் ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொடுங்கள். ‘கற்றுக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுவாரே’ என்ற பயம் நியாயம்தான். ஆனால், எதுவுமே கற்காதவர் உங்கள் கடையிலேயே இருந்துவிடுவது அதைவிட நஷ்டம்.
* மதிப்பீட்டை வருஷத்துக்கு ஒருநாள் சடங்காக வைக்காதீர்கள். அவர் வேலையின் பலனை அனுபவிப்பவர்களிடம் அவ்வப்போது கேளுங்கள்.

சென்னை மெரினாவில் வீரமாமுனிவருக்குச் சிலை இருக்கிறது. 1968-ல், உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்தது. அவர் தமிழுக்குச் செய்ததற்கு அது தகும். அவருடைய ஓலைகளைச் சுமந்துகொண்டு, கொள்ளிடக்கரைக் கிராமங்களில் நடந்து நடந்து தேய்ந்த உபதேசியார்களுக்குச் சிலை இல்லை. பெரும்பாலோர் பெயர்கூட நம் பாடப்புத்தகங்களில் இல்லை. ஆனால், இலக்கணமும் அகராதியும் ஒழுக்க நூலும் எழுதிக் கொடுக்கும் அளவுக்கு அவர்களை ஒருவர் மதித்திருக்கிறார். இந்த வருஷ அப்ரைசல் படிவத்தைக் கையில் எடுக்கும் மேனேஜர்கள், எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தாங்கள் என்ன கற்றுக்கொடுத்தோம் என்பதை முதல் கேள்வியாக வைத்துக்கொண்டால் நல்லது.