ஓட்ஸ் கஞ்சி மட்டும் போதுமா, ஆச்சி?

செட்டிநாட்டுக் காலைப் பலகாரம் என்றதும் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும், இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் கோசமல்லியும் நினைவுக்கு வரும். அவற்றைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. அந்தப் பலகாரங்கள் இருந்த இடத்தைச் சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஓட்ஸ் கஞ்சியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கத்து மளிகைக் கடைகளில் ஓட்ஸுக்கென்றே ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறார்கள். ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள்தான் வாங்குவார்கள் என்று நினைத்து ஒரு கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். "இல்ல சார், வயசானவங்கதான் அதிகம். டாக்டர் சொன்னார்னு வந்து வாங்குவாங்க. சிலருக்கு சிங்கப்பூர்லேருந்து மகனே போன் போட்டுச் சொல்லிடுவார், நாங்க வீட்டுக்குக் கொடுத்து விட்டுடுவோம்" என்றார். அதன் பிறகு இந்தக் கட்டுரை சமையல் குறிப்போடு நிற்கவில்லை.

பள்ளத்தூரில் ஒரு வீடு. ஆச்சிக்கு எழுபது வயதுக்கு மேல். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் போனால் அடுப்படி. வரிசையாக நாலு அடுப்பு மேடைகள். மகனுக்குக் கல்யாணமானதும் 'வேறு வைப்பது' நகரத்தார் வழக்கம். ஒரே கூரைக்குள் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது ஒவ்வொரு தம்பதிக்கும், தனி அடுப்பு, தனிச் சாமான், தனிச் செலவு. ஒரு காலத்தில் காலை ஆறு மணிக்கு நாலு அடுப்பும் எரிந்த அடுப்படி அது. இன்றைக்கு மூன்று மேடைகளில் பழைய பாத்திரங்கள் கவிழ்ந்து கிடக்கின்றன. நாலாவது மேடையில் கேஸ் அடுப்பு இருக்கிறது. அதையும் காலையில் ஆச்சி பற்ற வைப்பதில்லை.

முதல் நாள் இரவே பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றி வைத்துவிடுகிறார். காலையில் எவர்சில்வர் டம்ளரில் இரண்டு ஸ்பூன் ஓட்ஸைப் போட்டு அந்தத் தண்ணீரை ஊற்றிக் கலக்குகிறார். பிரஷர் இருப்பதால் உப்பு கிடையாது. சுகர் இருப்பதால் சர்க்கரை கிடையாது. கொழுப்பு கூடிவிடும் என்று யாரோ சொன்னதால் பாலும் கிடையாது. நின்றபடியே இரண்டு மடக்கில் குடித்துவிட்டு மாத்திரை டப்பாவைத் தேடுகிறார். இட்லிக்கு மாவு இல்லையா ஆச்சி என்று கேட்டால், "நான் ஒருத்தி. எனக்கு என்னத்துக்கப்பா மாவாட்டிக்கிட்டு?" என்கிறார்.

அந்த டம்ளரில் இருந்ததைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு ஸ்பூன் என்பது ஏறக்குறைய 20 கிராம் ஓட்ஸ். அதில் புரதம் இரண்டரை கிராம்தான். கலோரி எண்பதைத் தாண்டாது. முந்தின இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்ட உடம்பு, மறுநாள் மதியம் ஒரு மணி வரை இதை வைத்துத்தான் ஓட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் வேண்டும் என்கிறது. முதியவர்களுக்கு அது 1 முதல் 1.2 கிராம் வரை இருப்பது நல்லது என்று முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர்கள் பலர் சொல்கிறார்கள். ஆச்சியின் எடை 50 கிலோ என்றால் ஒரு நாளைக்கு 50 முதல் 60 கிராம், வேளைக்குப் பதினேழு, இருபது கிராம். ஆச்சிக்குக் காலையில் கிடைத்தது இரண்டரை.

புரதம் போதாத உடம்பில் வயதாக ஆகத் தசை வேகமாகக் கரையும். தசை கரைந்தால் கால் தள்ளாடும். செட்டிநாட்டு வீடுகளின் உயர்ந்த வாசற்படிகளையும் ஒரு கட்டிலிருந்து அடுத்த கட்டுக்குக் கடக்க வேண்டிய நிலைப்படிகளையும் நினைத்துப் பாருங்கள். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடமாட எத்தனை மாதம் ஆகும் என்பது, ஒரு முறை அந்தக் கஷ்டத்தைப் பார்த்த எல்லாக் குடும்பத்துக்கும் தெரியும்.

ஓட்ஸ் மேல் குற்றமில்லை. அது நல்ல தானியம். அதிலுள்ள பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து தண்ணீரில் கரைந்து வழவழப்பான கூழாகிறது. அதுதான் குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றிக் கெட்ட கொழுப்பைக் குறைக்கிறது. தினம் 3 கிராம் பீட்டா குளுக்கன் சேர்த்துக்கொண்டால் இதய நோய் அபாயம் குறையக்கூடும் என்று பாக்கெட்டில் அச்சிட்டுக்கொள்ள அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997-ல் அனுமதி தந்தது. உலகம் முழுக்க ஓட்ஸ் 'டாக்டர் சொன்ன சாப்பாடு' ஆனதில் அந்த அனுமதிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்த 3 கிராம் கிடைக்க நாள் முழுவதிலும் சேர்த்து எழுபது, எழுபத்தைந்து கிராம் ஓட்ஸ் வேண்டும். இரண்டு ஸ்பூனில் கொழுப்பும் குறையாது, வயிறும் நிறையாது.

எந்த ஓட்ஸ் என்பதும் முக்கியம். முழுத் தானியத்தை இரண்டு மூன்றாக வெட்டியது ஒரு வகை. ஆவியில் வேகவைத்து அவல் மாதிரி தட்டையாக்கியது இன்னொரு வகை. அதையே மெல்லிசாக்கி, வெந்நீர் ஊற்றினாலே கரைகிற மாதிரி செய்ததுதான் இன்ஸ்டன்ட். தட்டையான சாதாரண ஓட்ஸின் சர்க்கரை ஏற்றக் குறியீடு 55-ஐ ஒட்டி இருக்கிறது. இன்ஸ்டன்டில் அது 80-ஐ நெருங்குகிறது. சுகருக்கென்று வாங்கிய பொருளே சுகரை விறுவிறுவென ஏற்றுகிறது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருக்கும் காலத்தில், பாக்கெட்டின் முன்பக்கப் படத்தைப் பார்த்து வாங்கினால் போதாது.

மசாலா ஓட்ஸ் பாக்கெட்டுகளின் பின்பக்கத்தில் சோடியம் என்று ஓர் எண் இருக்கும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு என்று அர்த்தம். உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பை நிறுத்தச் சொல்கிறது. கஞ்சிக்கு உப்பே போடாத ஆச்சிகள், வாய்க்கு ருசியாக இருக்கிறதே என்று சாயங்காலம் அந்தப் பாக்கெட்டைப் பிரிப்பதையும் பார்த்தேன்.

ஓட்ஸைத் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வரும் ஸ்காட்லாந்துக்காரர்கள் அதை அடுப்பில் வைத்து, உப்புப் போட்டு, ஒரு மரக்குச்சியால் கிண்டிக் கிண்டித்தான் காய்ச்சுகிறார்கள். கார்பிரிட்ஜ் என்ற கிராமத்தில் 1994-லிருந்து ஓட்ஸ் கஞ்சிக்கென்றே உலகப் போட்டி நடக்கிறது. அவர்களின் பழைய வழக்கப்படி பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பாலோ பாலேடோ இருக்கும். ஒவ்வொரு ஸ்பூன் கஞ்சியையும் அதில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். ஓட்ஸ் கஞ்சிக்குப் பேர்போன நாட்டிலேயே அது வெறும் தண்ணீரில் கரைத்துக் குடிப்பதாக இல்லை.

நம் ஊரில் எப்படிக் காய்ச்சலாம்? ஒருவருக்கு அரைக் கப், அதாவது 40 கிராம் தட்டை ஓட்ஸ். ஒரு கைப்பிடி, 25 கிராம் பாசிப்பருப்பு. பருப்பை வெறும் சட்டியில் வாசம் வரும் வரை வறுத்து, இரண்டு பல் பூண்டும் கால் ஸ்பூன் வெந்தயமும் சேர்த்து இரண்டரை டம்ளர் தண்ணீரில் மலர வேகவிட வேண்டும். அதற்குள் ஓட்ஸையும் இரண்டு நிமிடம் வறுத்துக்கொள்ளலாம். வறுத்தால் அந்தப் பச்சை வாடை போகும், கஞ்சி கொழகொழவென்று ஒட்டாது. வெந்த பருப்பில் ஓட்ஸைத் தூவி, சிறு தீயில் ஆறேழு நிமிடம் கிண்ட வேண்டும். முதலில் தண்ணீர் தனியாக நிற்கும். பிறகு ஓரங்களில் சின்னச் சின்னக் குமிழிகள் எழுந்து கஞ்சி பளபளக்கும். கரண்டியைத் தூக்கினால் நூலாக இறங்குகிற அந்தப் பதத்தில் இறக்கிவிட வேண்டும். ஆற ஆற இன்னும் இறுகும் என்பதால் கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும்.

ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் சீரகம், தட்டிய மிளகு, ஐந்தாறு சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால், உப்பு பாதி போட்டாலே போதும். மிளகும் வெங்காயமும் அந்தக் குறையைத் தெரியவிடாது. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு டம்ளர் தயிரைக் கடைந்து ஊற்றிக்கொள்ளலாம். தொட்டுக்கொள்ளப் பருப்புத் துவையல். முதல் நாள் வெண்டைக்காய் மண்டி மிச்சமிருந்தால் அதைவிட நல்ல ஜோடி கிடையாது. மண்டியின் புளிப்பும் காரமும் ஓட்ஸின் மந்தமான ருசியைத் தூக்கிக் கொடுக்கின்றன. முட்டை சாப்பிடுகிறவர்கள் அவித்த முட்டை ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஓட்ஸில் 5 கிராம், பருப்பில் 6, தயிரில் 5 என்று 16 கிராம் புரதம் வந்துவிடுகிறது. முட்டையோடு 22. அடுப்படியில் செலவாவது அரை மணி நேரம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் பருப்பு, முட்டை அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரைக்கும் கஞ்சிக்கும் நடுவே அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது.

ஓட்ஸே எதற்கு, கம்பும் கேப்பையும் இருக்க ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வரும் தானியத்தை ஏன் வாங்க வேண்டும் என்று சிறுதானிய ஆர்வலர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 100 கிராம் கேப்பையில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, ஓட்ஸில் ஐம்பதை ஒட்டித்தான். ஆனால் தண்ணீராகக் கரைத்த கேப்பைக் கஞ்சியை மட்டும் குடித்தாலும் ஆச்சியின் கால்கள் அதே கதிக்குத்தான் வரும்.

இந்த மண்ணில் வயதானவர்களைத் தாங்கக்கூடிய கஞ்சியும் களியும் இல்லாமலா இருந்தது? உளுந்து, பாசிப்பருப்பு, பச்சரிசி மூன்றையும் வறுத்து அரைத்த மாவில் கருப்பட்டியும் நெய்யும் சேர்த்துக் கிண்டும் கும்மாயம் இருக்கிறது. பருப்பும் தானியமும் சேர்ந்தால்தான் முழு உணவு என்பதை அறிந்த அடுப்படியில் பிறந்தது அது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதே மாவை இனிப்பில்லாமல் மோர் விட்டுக் கஞ்சியாகக் காய்ச்சலாம். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, போனவர்கள் கொண்டுவந்த கவுனி அரிசியை இன்று எடை குறைக்கும் கஞ்சி என்று ஊரெல்லாம் குடிக்கிறார்கள். அது வந்தபோதும் அயல்நாட்டுத் தானியம்தான். தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்த்து அதைக் கல்யாணப் பந்தியில் முதல் இனிப்பாக்கியவர்கள் இந்த ஊர் ஆச்சிமார்கள். ஓட்ஸையும் அவர்கள் கையில் ஒழுங்காகக் கொடுத்தால் அதை ருசியாக்கத் தெரியாதா என்ன?

ஒழுங்காகக் காய்ச்ச மனசு வர வேண்டும். எனக்குப் பெரிய கவலை இதுதான். சமைக்கத் தெரியாதவர் யாரும் இந்த வீடுகளில் இல்லை. நூறு பேருக்குப் பணியாரம் சுட்ட கைகள் அவை. எதிரே உட்கார்ந்து சாப்பிட ஆள் இல்லாததால் அடுப்பு எரியவில்லை. பல் போனவருக்கும் மாவாட்ட முடியாதவருக்கும் ஓட்ஸ் பெரிய உதவி என்பதை நான் மறுக்கவில்லை. அந்த வசதியே, ஒரு வேளைச் சாப்பாட்டைக் கைவிட்டதை யாருக்கும் தெரியாமல் மறைத்தும் விடுகிறது. போனில் மகள் கேட்கிறாள்: "ஆத்தா, சாப்பிட்டீங்களா?" ஆச்சி உண்மையைத்தான் சொல்கிறார்: "ஓட்ஸ் குடிச்சிட்டேன்." மகளுக்கு நிம்மதி. நல்ல சாப்பாடுதானே குடித்திருக்கிறார் என்று போனை வைத்துவிடுகிறாள்.

2021 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். நாட்டிலேயே கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. விசேஷத்துக்குத் திறந்து விசேஷம் முடிந்ததும் பூட்டுகிற வீடுகள் நிறைந்த செட்டிநாட்டு ஊர்களில் இது கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. வீதிக்கு ஒருவர், இருவர் என்று தனியாக இருப்பவர்கள் முறை வைத்து ஒருவர் வீட்டில் காய்ச்சி மூன்று பேராகச் சாப்பிடலாம். ஒரு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. மதியத்துக்குக் கேரியர் சாப்பாடு கொடுத்து அனுப்புகிறவர்கள் காலையில் ஒரு தூக்குப் பருப்புக் கஞ்சியும் கொடுக்க முன்வந்தால், வாங்க இந்த ஊரில் ஆள் இருக்கிறது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் அதற்குப் பணம் அனுப்பத் தயங்க மாட்டார்கள்.

அந்தப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளைக்குப் போன் பேசும்போது கஞ்சியில் என்னென்ன போட்டீர்கள், எத்தனை ஸ்பூன், கூட யார் சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். அடுத்து முன்னோர் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு வரும்போது, அம்மாவையோ அப்பாவையோ கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பிடித்துக்கொள்ளப் பக்கத்திலேயே நில்லுங்கள். தசை பலம் குறைகிறதா என்று பார்க்க மருத்துவர்களே பயன்படுத்தும் சோதனை இது. 15 வினாடிக்கு மேல் ஆனாலோ, கை ஊன்றாமல் எழவே முடியாவிட்டாலோ, திரும்பிப் போகிற டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டு அவர்களை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.